ரேஸிங் சிமுலேட்டர்: புதிதாக ஓட்டுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திரையில் உண்மைக்கு நெருக்கமாகக் கார் பந்தயம் ஓட்டும் விளையாட்டான ரேஸிங் சிமுலேட்டரில் முதல் சில மாதங்களில் இருப்பவர்களுக்காக எழுதியது இது. அசெட்டோ கோர்சா, ஐரேஸிங், கிரான் டூரிஸ்மோ 7, ஆட்டோமொபிலிஸ்டா 2 என எதை ஓட்டினாலும் அடிப்படை ஒன்றுதான்: நான்கு டயர்களின் பிடிமானத்தை வீணாக்காமல் பயன்படுத்துவது. புதியவர்கள் செட்டப் (காரின் அமைப்புகளை மாற்றும்) பக்கத்தில் தேடும் வினாடிகளில் பெரும்பகுதி பிரேக் பெடலில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. கீழே உள்ள பதில்கள் பலவும் சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து சேரும்.

வீல் (ஸ்டீயரிங் கருவி) இல்லாமல் கேம்பேடில் தொடங்கலாமா?

தாராளமாகத் தொடங்கலாம். கேம்பேடின் ட்ரிக்கர்களை எவ்வளவு அழுத்துகிறோமோ அந்த அளவுக்கு பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் வேலை செய்யும். தடங்களை மனப்பாடம் செய்யவும், பிரேக் பிடிக்கும் இடங்களைக் கண்டுபிடிக்கவும், மற்ற கார்களோடு ஓடிப் பழகவும் அது போதும். கீபோர்டை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அதில் பிரேக் முழுதாக இருக்கும், இல்லையென்றால் இருக்கவே இருக்காது. நடுவில் உள்ள அளவுகளில்தான் ஓட்டும் கலையே இருக்கிறது.

எந்த வகை வீல் வாங்குவது?

மோட்டாரின் விசை கைக்கு வந்து சேரும் வழியை வைத்து மூன்றாகப் பிரிக்கலாம். லாஜிடெக் ஜி29, ஜி923 போன்றவற்றில் பற்சக்கரங்கள். உழைப்பவை, ஆனால் கரடுமுரடாக இருக்கும், சத்தமும் போடும். த்ரஸ்ட்மாஸ்டர் டி300 போன்றவற்றில் பெல்ட், மென்மையாக இருக்கும். டைரக்ட் டிரைவ் வகையில் ஸ்டீயரிங் நேரடியாக மோட்டாரின் தண்டிலேயே பொருத்தப்பட்டிருக்கும். இடையில் எதுவும் இல்லாததால் டயர் நழுவத் தொடங்கும் நொடியே கையில் தெரிந்துவிடும். 5 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை உள்ள தொடக்கநிலை டைரக்ட் டிரைவ் வீலே ஒரு புதியவருக்குத் தேவைக்கு அதிகம்.

ஆனால் கையில் உள்ள தொகையை எங்கே செலவிடுவது என்று கேட்டால், முதலில் பெடலில் என்பேன். சாதாரண பிரேக் பெடல், கால் எவ்வளவு தூரம் நகர்ந்தது என்பதை அளக்கிறது. லோட் செல் பொருத்திய பெடல், கால் எவ்வளவு பலமாக அழுத்தியது என்பதை அளக்கிறது. நம் கால், தூரத்தைவிட அழுத்தத்தைத்தான் நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளும். அதனால் லோட் செல் பெடலில் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே அளவு பிரேக் பிடிப்பது எளிதாகிறது. விலை உயர்ந்த வீலும் மலிவான பெடலும் வைத்திருப்பவரைவிட, சாதாரண வீலும் நல்ல பெடலும் வைத்திருப்பவர் சீராக ஓட்டுவார்.

இதற்கென்று தனி இருக்கை, சட்டம் எல்லாம் வேண்டுமா?

கட்டாயமில்லை. அசையாத மேசையும் பின்னால் நகராத நாற்காலியும் இருந்தால் போதும். சக்கரம் வைத்த அலுவலக நாற்காலியில் உட்கார்ந்து பலமாக பிரேக் அழுத்தினால் நாற்காலி பின்னால் ஓடிவிடும். அடுத்த முறை உங்களை அறியாமலேயே மெதுவாக அழுத்துவீர்கள். சக்கரங்களைக் கழற்றிவிடுங்கள், அல்லது நகராதபடி கட்டிப்போடுங்கள். பெடல் பலகையைச் சுவரோடு ஒட்டி வையுங்கள்.

உட்காரும் விதத்துக்கு இரண்டு சோதனைகள். முதுகு சாய்மானத்தில் இருக்கும்போது கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் உச்சியைத் தொட வேண்டும். பிரேக்கை முழுதாக அழுத்திய நிலையிலும் முழங்கால் சற்று மடங்கியே இருக்க வேண்டும். இவை இரண்டும் சரியாக இருந்தால் நீண்ட பந்தயத்திலும் தோளும் இடுப்பும் வலிக்காது.

பார்வைக் கோணத்தை எவ்வளவு வைப்பது?

எஃப்ஓவி என்று மெனுவில் இருப்பது இதுதான். பலரும் தொடாமல் விட்டுவிடும் அமைப்பு. ஆனால் ஒரு பைசா செலவில்லாமல் ஓட்டத்தை மேம்படுத்துவது. திரை என்பது காரின் கண்ணாடியில் வெட்டிய ஒரு சன்னல் என்றால், அந்தச் சன்னல் வழியாக உண்மையில் எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் தெரிய வேண்டும். அப்போதுதான் தூரமும் வேகமும் சரியான அளவில் மூளைக்குப் போகும்.

27 அங்குல அகலத்திரையின் அகலம் ஏறத்தாழ 60 செ.மீ. கண்ணுக்கும் திரைக்கும் இடையே 60 செ.மீ. இருந்தால், கிடைமட்டக் கோணம் சுமார் 53 டிகிரி. செங்குத்துக் கோணம் சுமார் 31 டிகிரி. அசெட்டோ கோர்சா செங்குத்துக் கோணத்தைக் கேட்கிறது. ஐரேஸிங் திரையின் அகலத்தையும் தூரத்தையும் வாங்கிக்கொண்டு தானே கணக்குப் போட்டுவிடும். எந்தக் கோணத்தைக் கேட்கிறது என்று பார்த்துவிட்டு எண்ணைப் போடுங்கள்.

முதலில் தொலைநோக்கியில் பார்ப்பதுபோல் குறுகலாகத் தோன்றும், வேகம் குறைந்துவிட்டது போலவும் இருக்கும். விடாமல் ஓட்டுங்கள். அகன்ற கோணத்தில் வளைவுகள் உண்மையைவிடத் தொலைவில் இருப்பதாகக் காட்டப்படுகின்றன. அதனால்தான் புதியவர்கள் பிரேக் பிடிக்கும் இடத்தைத் தவறாகக் கணிப்பதும், வளைவின் உள்விளிம்பைத் தவறவிடுவதும். பக்கத்துக் கார் தெரியவில்லையே என்று கவலைப்பட்டால் திரையை அருகில் இழுத்து வையுங்கள். திரை நெருங்க நெருங்க சரியான கோணமும் விரியும். தலையில் மாட்டிக்கொள்ளும் விஆர் கருவியில் இந்தக் கணக்கே தேவையில்லை.

ஃபோர்ஸ் ஃபீட்பேக்கை எவ்வளவு பலமாக வைப்பது?

ஃபோர்ஸ் ஃபீட்பேக் என்பது மோட்டார் வழியாக ஸ்டீயரிங்கில் நம் கைக்கு வரும் விசை. வீலின் மோட்டார் தாங்கும் உச்சத்தைத் தாண்டாத அளவுக்கு வையுங்கள். சிமுலேட்டர் அனுப்பும் விசை அந்த உச்சத்தைத் தாண்டினால், தாண்டிய பகுதி முழுக்க ஒரே அளவாகத் தட்டையாகிவிடும். இதற்குக் கிளிப்பிங் என்று பெயர். வேகமான வளைவில் ஸ்டீயரிங் கனமாக இருக்கும், ஆனால் அதில் எந்தச் செய்தியும் இருக்காது. முன் டயர் பிடியை இழக்கும்போது ஸ்டீயரிங் லேசாவதுதான் நமக்குக் கிடைக்கும் மிக முக்கியமான எச்சரிக்கை. கிளிப்பிங்கில் அழிந்துபோவது அதுவே.

அசெட்டோ கோர்சாவில் பெடல்களின் அளவைக் காட்டும் சிறு சாளரத்திலேயே விசைக்கும் ஒரு பட்டை உண்டு. உச்சத்தைத் தொட்டால் சிவப்பாகும். தடத்தின் மிக வேகமான நீண்ட வளைவில் அதைப் பாருங்கள். எப்போதாவது சிவந்தால் பரவாயில்லை. வளைவு முழுக்கச் சிவப்பாகவே இருந்தால் விசையைக் குறையுங்கள். சாலை அதிர்வு, விளிம்புக் கட்டை அதிர்வு என்று தனியாகக் கூட்டும் அமைப்புகளைக் குறைவாகவே வையுங்கள். பரபரப்பாக இருக்கும், உண்மையான செய்தியை மூடிவிடும்.

ஸ்டீயரிங், பெடல் அமைப்புகளில் வேறு எதைப் பார்க்க வேண்டும்?

சுழற்சிக் கோணத்தை வீலின் மென்பொருளில் முழு அளவில் (ஜி29 என்றால் 900 டிகிரி) விட்டுவிடுங்கள். ஒவ்வொரு காருக்கும் ஏற்ப சிமுலேட்டர் குறைத்துக்கொள்ளும். திரையில் தெரியும் ஸ்டீயரிங்கும் உங்கள் கையில் உள்ளதும் ஒரே அளவு திரும்புகின்றனவா என்று ஒருமுறை சரிபார்த்தால் போதும். ஸ்டீயரிங்குக்கு நேர்கோட்டு அமைப்பே வேண்டும்; டெட்சோன் (திருப்பினாலும் பதிவாகாத நடுப்பகுதி) பூஜ்யம். பிரேக்கின் உச்சத்தை, சிரமப்பட்டு அழுத்தினால் மட்டுமே எட்டும் அளவில் அல்லாமல், சற்று பலமாக அழுத்தினால் எட்டும் அளவில் வையுங்கள். காலை வெறுமனே வைத்தாலே பிரேக் பதிவாகிறதா என்பதையும் பாருங்கள். நேர்ப்பாதையில் இரண்டு சதவீத பிரேக்கோடு ஓடிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர்.

முதலில் எந்தக் கார், எந்தத் தடம்?

ஆற்றல் குறைந்த, பின்சக்கரம் இழுக்கும் கார். மாஸ்டா எம்எக்ஸ்-5 பல சிமுலேட்டர்களில் இருக்கிறது. ஐரேஸிங்கில் சாலைப் பந்தயப் புதியவர்கள் பலரும் தொடங்குவது அதில்தான். வேகம் குறைவு என்பதால் கார் என்ன செய்கிறது என்று உணர நேரம் கிடைக்கும். எஞ்சின் வலிமை குறைவு என்பதால் வளைவில் இழந்த வேகத்தை ஆக்சிலரேட்டரை மிதித்து ஈடுகட்ட முடியாது. வளைவைச் சரியாக எடுத்தே ஆக வேண்டும். அதனால் அது நல்ல ஆசிரியர். ஃபார்முலா 1 கார் ஓட்டும் ஆசை எல்லோருக்கும் உண்டு, ஆனால் காற்று கீழ்நோக்கி அழுத்துவதால் தரையோடு ஒட்டிக்கொண்டு ஓடும் கார் பிடியை இழப்பது திடீரென்று நடக்கும், ஏன் என்று புரியவே புரியாது.

தடம் சிறியதாக இருக்கட்டும். பிராண்ட்ஸ் ஹாட்ச் இண்டி, லைம் ராக் போன்றவற்றில் ஒரு சுற்று ஏறத்தாழ ஒரு நிமிடம். அதே வளைவு அடிக்கடி வந்துகொண்டே இருக்கும். 20 கிலோமீட்டருக்கு மேல் நீளும் நூர்பர்க்ரிங் நோர்ட்ஷ்லைஃபே பேரழகு. ஆனால் அங்கே தவறவிட்ட வளைவை மறுபடி பார்க்க எட்டு நிமிடமாவது காத்திருக்க வேண்டும்.

உதவி அமைப்புகளில் எதை வைத்துக்கொள்வது, எதை அணைப்பது?

உண்மையான காரில் இருக்கும் உதவிகளை வெட்கப்படாமல் வைத்துக்கொள்ளுங்கள். ஜிடி3 பந்தயக் கார்களில் (சாலை ஸ்போர்ட்ஸ் கார்களைப் பந்தயத்துக்காக மாற்றியவை) சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏபிஎஸ், ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது சக்கரம் வீணாகச் சுழலாமல் தடுக்கும் டிராக்‌ஷன் கன்ட்ரோல் இரண்டும் உண்மையிலேயே உண்டு. தொழில்முறை ஓட்டுநர்கள் அவற்றைப் பயன்படுத்தியே ஓட்டுகிறார்கள். சிமுலேட்டர் செயற்கையாகச் சேர்க்கும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல்தான் முதலில் போக வேண்டியது. கார் சறுக்கத் தொடங்கும் முன்பே அது திருத்திவிடுவதால், சறுக்கலைத் திருத்த உங்கள் கை பழகவே பழகாது.

வேகமான பாதையைத் தரையில் வண்ணக் கோடாகக் காட்டும் ரேஸிங் லைன், தடத்தைத் தெரிந்துகொள்ளும் வரை உதவும். பிறகு கண்ணை காருக்குப் பத்து மீட்டர் முன்னால் கட்டிப்போட்டுவிடும். பிரேக் பிடிக்கும்போது கண் வளைவின் உள்விளிம்பில் இருக்க வேண்டும். உள்விளிம்பை நெருங்கும்போது வெளியேறும் இடத்தில் இருக்க வேண்டும். கை, கண் போகும் இடத்துக்குத்தான் காரைக் கொண்டுபோகும்.

பிரேக்கைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். அதில் அப்படி என்ன இருக்கிறது?

டயரின் பிடிமானத்தை மாதச் சம்பளமாக நினைத்துக்கொள்ளுங்கள். தொகை ஒன்றுதான். பிரேக்குக்கு முழுவதையும் செலவழித்துவிட்டால் திருப்புவதற்கு எதுவும் மிஞ்சாது. திருப்பவும் வேண்டும் என்றால் பிரேக்கில் கொஞ்சம் குறைக்க வேண்டும். வளைவு என்பது இந்தச் செலவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது.

ஒரு வளைவை மட்டும் மெதுவாகப் பார்ப்போம். ஜிடி3 கார், நேர்ப்பாதையின் முடிவில் மணிக்கு 240 கி.மீ. வேகம், அடுத்து வலப்புறம் 90 டிகிரி வளைவு, அதன் நடுவில் 90 கி.மீ. வேகம் வேண்டும். 240 கி.மீ. வேகத்தில் கார் ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 67 மீட்டர் போகிறது. பத்தில் ஒரு வினாடி தாமதமாகக் காலை வைத்தால், காரின் நீளத்தைவிட அதிகமாக, கிட்டத்தட்ட 7 மீட்டர் தள்ளிப்போய்விடுகிறீர்கள். எனவே பிரேக் பிடிக்கும் இடத்தை உணர்வுக்கு விடக் கூடாது. 150 மீட்டர் பலகை, தார் நிறம் மாறும் இடம், வேலியின் இடைவெளி என்று நகராத ஓர் அடையாளம் வேண்டும். நிழலை அடையாளமாக வைக்காதீர்கள், பந்தயத்தின் நடுவே அது நகர்ந்துவிடும்.

அடையாளம் வந்ததும் பெடலை உடனே, உறுதியாக, உச்சம் வரை அழுத்துங்கள். அந்த வேகத்தில் காற்று காரைத் தரையோடு அழுத்திக்கொண்டிருக்கிறது. அந்த அழுத்தம் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். 240-இல் இருக்கும் காற்றழுத்தம் 120-இல் கால் பங்குதான். ஆகவே பிரேக்கைப் பலமாகப் பிடிக்க ஏற்ற கணம் முதல் கணமே. வேகம் குறையக் குறைய டயரும் குறைவாகவே தாங்கும். அதே அழுத்தத்தில் காலை வைத்திருந்தால் ஏபிஎஸ் துடிக்கும், ஏபிஎஸ் இல்லாத காரில் சக்கரம் பூட்டிக்கொள்ளும். எனவே திருப்பத் தொடங்கும் முன்பே கால் சற்று மேலே வர ஆரம்பித்திருக்க வேண்டும்.

ஸ்டீயரிங்கைத் திருப்பத் தொடங்கும்போது பிரேக் முப்பது சதவீத அளவில் இருக்கட்டும். ஸ்டீயரிங் கூடக் கூட பிரேக் குறையட்டும். உள்விளிம்பை நெருங்கும்போது பெடலில் கால் பட்டும் படாமலும் இருந்து, பிறகு பூஜ்யம். இதுதான் டிரெயில் பிரேக்கிங். மிச்சம் வைத்த அந்தச் சிறு பிரேக் காரின் எடையை முன்சக்கரங்களில் நிறுத்துகிறது. அதனால் மூக்கு எளிதாகத் திரும்புகிறது. புதியவர்களின் பிரேக் வரைபடம் மெதுவாக ஏறி, திருப்பும் முன் சடாரென்று விழும். வேகமானவர்களின் வரைபடம் சடாரென்று ஏறி, நீண்ட சரிவாக இறங்கும். அப்படியே தலைகீழ். இந்த ஒன்றை மாற்றிக்கொண்டால் வேறெதையும் தொடாமலேயே சுற்று நேரம் கண்ணுக்குத் தெரியும்படி குறையும்.

பயிற்சிக்கு ஒரு வழி: வேண்டுமென்றே பத்து, பதினைந்து மீட்டர் முன்பே பிரேக் பிடியுங்கள். தாமதமாகிவிட்டது என்ற பதற்றம் போய்விடும். காலை விடும் வேகத்தில் மட்டும் கவனம் வையுங்கள். அது கைவந்த பிறகு அடையாளத்தைச் சிறிது சிறிதாக வளைவை நோக்கித் தள்ளலாம்.

வளைவை எந்தப் பாதையில் எடுப்பது?

வெளியே, உள்ளே, வெளியே என்பது பொதுவிதி. உள்விளிம்பைத் தொடும் இடத்தைத்தான் பலர் தவறவிடுகிறார்கள், பெரும்பாலும் சீக்கிரமே தொட்டுவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் வெளியேறும்போது தடம் தீர்ந்துவிடும். ஆக்சிலரேட்டரை விட வேண்டிவரும். சற்று தாமதமாகத் தொடுங்கள். நுழையும்போது மெதுவாகத் தோன்றும், ஆனால் ஸ்டீயரிங்கைச் சீக்கிரம் நேராக்கி ஆக்சிலரேட்டரைச் சீக்கிரம் மிதிக்கலாம்.

நீண்ட நேர்ப்பாதைக்கு முந்தைய வளைவில் இதன் மதிப்பு அதிகம். ஒரு கிலோமீட்டர் நேர்ப்பாதையைச் சராசரி 180 கி.மீ. வேகத்தில் கடக்க 20 வினாடி. அந்தச் சராசரி 3 கி.மீ. கூடினால் மூன்றில் ஒரு வினாடி மிச்சம். வளைவுக்குள் எவ்வளவு துணிச்சல் காட்டினாலும் ஒரே இடத்தில் அவ்வளவு கிடைக்காது.

ஆக்சிலரேட்டரை விட்டதும் கார் சுழன்றுவிடுகிறதே, ஏன்?

வளைவின் நடுவில் ஆக்சிலரேட்டரைத் திடீரென்று விட்டால் எடை முன்னால் பாய்கிறது. பின் டயர்கள் லேசாகிப் பிடியை இழக்கின்றன. வேகம் அதிகம் என்று பயந்து காலை எடுத்ததே சுழற்சிக்குக் காரணமாகிவிடுகிறது. காலை எடுப்பதாக இருந்தாலும் மெல்ல எடுங்கள்.

வெளியேறும்போது சுழன்றால் காரணம் வேறு: ஸ்டீயரிங் இன்னும் திரும்பியிருக்கும்போதே முழு ஆக்சிலரேட்டர். ஸ்டீயரிங் நேராகும் அளவுக்கு ஏற்ப வலது கால் இறங்கட்டும். பின்பக்கம் நழுவத் தொடங்கினால் நழுவும் திசைக்கே ஸ்டீயரிங்கைத் திருப்பி, கார் பிடித்துக்கொண்டதும் உடனே நேராக்க வேண்டும். நேராக்கத் தாமதித்தால் கார் எதிர்ப்பக்கம் வீசியடிக்கும். நிறைய விபத்துகள் இந்த இரண்டாவது வீச்சில்தான்.

கார் திரும்பவே மறுக்கிறது. ஸ்டீயரிங்கை இன்னும் திருப்ப வேண்டுமா?

கூடாது. முன் டயர் சில டிகிரி சறுக்குக் கோணத்தில்தான் (டயர் நோக்கும் திசைக்கும் அது உண்மையில் போகும் திசைக்கும் உள்ள வேறுபாடு) அதிகப் பிடியைத் தரும். அதைத் தாண்டித் திருப்பினால் டயர் தேய்ந்துகொண்டும் சூடேறிக்கொண்டும் நேராகவே போகும். ஸ்டீயரிங்கைச் சற்று நேராக்கி, வேகத்தைக் கொஞ்சம் குறையுங்கள். கார் தானாகத் திரும்பும். மனம் ஒப்பாது, ஆனால் அதுதான் இயற்பியல்.

எப்படிப் பயிற்சி செய்வது?

ஒரே கார், ஒரே தடம், பல நாள். தினம் ஒரு கார் மாற்றுபவர்களுக்கு எதுவும் படியாது. அமர்வின் தொடக்கத்தில் ஒரு வளைவைத் தேர்ந்தெடுத்து அதில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். மோதாமல் கூடவே ஓடிக்காட்டும் கோஸ்ட் காராக, உங்களைவிட ஒரு வினாடி வேகமான ஒருவரின் சுற்றை வையுங்கள். உலக சாதனையை வைத்தால் முதல் வளைவிலேயே அது கண்ணை விட்டு மறைந்துவிடும், கற்றுக்கொள்ள எதுவும் இருக்காது. டெலிமெட்ரி (வேகம், பெடல் அளவு போன்றவற்றின் பதிவு) பார்க்க வசதி இருந்தால் முதலில் பிரேக் கோட்டைப் பாருங்கள், அடுத்து வளைவின் குறைந்தபட்ச வேகம். மற்றதெல்லாம் பிறகு.

செட்டப்பை எப்போது தொடலாம்?

ஐந்து சுற்றுகளைத் தொடர்ந்து அரை வினாடி இடைவெளிக்குள் ஓட்ட முடிந்த பிறகு. காரணம் எளிது. ஒரு மாற்றம் தருவது பெரும்பாலும் பத்தில் ஒன்றிரண்டு வினாடிதான். உங்கள் சுற்றுகளே ஒன்றுக்கொன்று இரண்டு வினாடி வேறுபட்டால், மாற்றம் உதவியதா கெடுத்ததா என்று தெரிய வழியே இல்லை. செட்டப்பை மாற்றினேன், வேகம் கூடியது என்று சொல்பவர்களில் பலருக்கு வேகம் கூடியது அந்த நேரத்தில் ஓட்டிய கூடுதல் சுற்றுகளால்.

சோதிக்கும்போது எரிபொருள் அளவு, தடத்தின் வெப்பநிலை இரண்டும் மாறாமல் இருக்கட்டும். 60 லிட்டர் பெட்ரோல் ஏறத்தாழ 45 கிலோ. தகுதிச் சுற்றுக்கு அதைச் சுமந்துகொண்டு ஓடத் தேவையில்லை. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். அதுவும் முதலில் கொஞ்சம் பெரிதாகவே செய்யுங்கள். விளைவு கைக்குத் தெரிந்த பிறகு அளவைக் குறைத்துக்கொள்ளலாம்.

சரி, எதிலிருந்து தொடங்குவது?

கார் எங்கே தொல்லை தருகிறது என்பதை முதலில் சொல்லத் தெரிய வேண்டும்: நுழையும்போதா, நடுவிலா, வெளியேறும்போதா? மெதுவான வளைவிலா, வேகமான வளைவிலா? இதற்குப் பதில் இல்லாமல் செட்டப் பக்கத்தைத் திறக்காதீர்கள்.

பிரேக் பிடித்துக்கொண்டே நுழையும்போது பின்பக்கம் ஆடினால், பிரேக் பயஸை (முன், பின் சக்கரங்களுக்கு பிரேக் விசை பிரியும் விகிதம்) அரை சதவீதம், ஒரு சதவீதம் என முன்னால் தள்ளுங்கள். மாறாக, திரும்ப மறுத்தால் பின்னால் நகர்த்துங்கள். ஓட்டிக்கொண்டே பொத்தானில் மாற்றக்கூடியது இது. கற்றுக்கொள்ள மிகச் சிறந்த முதல் கருவி.

மெதுவான வளைவின் நடுவில் மூக்கு வெளியே தள்ளினால், முன் ஆன்டி ரோல் பாரை (வளைவில் கார் பக்கவாட்டில் சாய்வதைக் குறைக்கும் கம்பி) மென்மையாக்கலாம், அல்லது பின்னதை இறுக்கலாம். எந்த அச்சை இறுக்குகிறீர்களோ அந்த அச்சு பிடியை இழக்கும் என்று நினைவில் வைத்தால் குழப்பம் வராது. வேகமான வளைவில் மட்டும் பின்பக்கம் பயமுறுத்தினால் அது காற்றழுத்த விஷயம்: பின் விங்கை (காரின் பின்னால் உள்ள இறக்கை) ஒரு படி கூட்டுங்கள். நேர்ப்பாதை வேகம் சற்றுக் குறையும், ஆனால் நம்பிக்கையோடு ஓட்டலாம். புதியவருக்கு இந்தப் பேரம் எப்போதும் லாபம். வெளியேறும்போது பின்சக்கரம் சுழன்றால் டிராக்‌ஷன் கன்ட்ரோலை ஒரு படி ஏற்றுங்கள். ஆனால் வலது காலைச் சந்தேகப்பட்ட பிறகு.

ஸ்பிரிங், டேம்பர், டிஃபரென்ஷியல், கேம்பர், டோ எல்லாம் முதல் சில மாதங்களுக்கு அப்படியே இருக்கட்டும்.

டயர் காற்றழுத்தத்தை எப்படி வைப்பது?

செட்டப் பக்கத்தில் நீங்கள் கொடுப்பது குளிர்ந்த டயரின் அழுத்தம். முக்கியமானது ஓடிச் சூடான பிறகு வரும் அழுத்தம். ஜிடி பந்தயங்களுக்கான தனி சிமுலேட்டரான அசெட்டோ கோர்சா காம்பெடிசியோனேவில் உலர்ந்த தடத்தில் ஜிடி3 கார்களுக்குச் சூடான அழுத்தம் 26 முதல் 27 பிஎஸ்ஐ வரை இருப்பது நல்லது. 2023-க்கு முந்தைய பழைய குறிப்புகளில் 27.5-ஐ ஒட்டிய எண்களைப் பார்த்தால் குழம்ப வேண்டாம். பின்னர் வந்த புதுப்பிப்பில் டயர் மாதிரி மாறிவிட்டது. நான்கைந்து சுற்று ஓடி, நான்கு டயர்களின் அழுத்தத்தையும் பார்த்து, கூடுதலாக உள்ள அளவைக் குளிர்ந்த அழுத்தத்தில் கழியுங்கள். பெரும்பாலும் வலப்புறமே திரும்பும் தடத்தில் இடப்பக்க டயர்கள் அதிகம் சூடாகும். எனவே நான்குக்கும் ஒரே எண்ணைப் போடக் கூடாது. வானிலை மாறினால் கணக்கை மறுபடி போட வேண்டும்.

வேகமானவர்களின் செட்டப்பைப் பதிவிறக்கிப் பயன்படுத்தலாமா?

பயன்படுத்தலாம், எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டு. அவர்கள் பிரேக்கைச் சீராக விடுவார்கள் என்ற நம்பிக்கையில் அந்தக் கார் பின்பக்கம் தளர்வாக அமைக்கப்பட்டிருக்கும். உங்கள் கையில் அது சுழலும். சிமுலேட்டரே தரும் பாதுகாப்பான இயல்புநிலை செட்டப், புதியவரிடம் பெரும்பாலும் அதைவிட வேகமாக ஓடும். செட்டப்பை மாற்றவே முடியாத பந்தயத் தொடர்கள் ஐரேஸிங்கில் இருக்கின்றன. தொடக்கத்தில் அவற்றைத் தேடிப் போங்கள்.

விஆரில் ஓட்டினால் தலைசுற்றுகிறது. என்ன செய்வது?

படம் விட்டுவிட்டு வராத அளவுக்கு கிராஃபிக்ஸைக் குறையுங்கள். தலைசுற்றத் தொடங்கியதும் நிறுத்திவிடுங்கள்; பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்ந்தால் உடல் அதை வெறுக்கப் பழகிவிடும். குறுகிய அமர்வுகளாக ஓட்டினால் பெரும்பாலோருக்குப் பழகிவிடுகிறது.

சிமுலேட்டரில் கற்றது உண்மையான தடத்தில் உதவுமா?

உதவும் என்பதற்குச் சான்றுகள் இருக்கின்றன. கிரான் டூரிஸ்மோ ஆட்டக்காரர்களிலிருந்து பந்தய ஓட்டுநர்களைத் தேர்ந்தெடுக்க நிசானும் பிளேஸ்டேஷனும் நடத்திய ஜிடி அகாடமியில் 2008-இல் வென்ற லூகாஸ் ஓர்டோன்யெஸ், 2011-இல் வென்ற ஜான் மார்டன்பரோ ஆகிய இருவரும் 2013 லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஒரே அணியில் ஓட்டி எல்எம்பி2 பிரிவில் மூன்றாம் இடம் பெற்றார்கள். ஐரேஸிங்கில் ஓட்டக் கற்ற வில்லியம் பைரன் 2024, 2025 ஆண்டுகளில் அமெரிக்காவின் நாஸ்கார் தொடரில் புகழ்பெற்ற டேடோனா 500 பந்தயத்தை வென்றார். தடத்தை அறிவது, பிரேக் விடும் பழக்கம், கண்ணின் பழக்கம் எல்லாம் அப்படியே கூட வரும். வராதது உடலை இழுக்கும் விசையும் அடிபடும் அச்சமும். பொதுச் சாலைக்கு இதில் எதையும் கொண்டுபோகாதீர்கள்.

முதல் ஆன்லைன் பந்தயம். என்ன தெரிந்திருக்க வேண்டும்?

வேகத்தைவிட, பந்தயத்தை முடிப்பது. ஐரேஸிங் போன்றவை வேகத்துக்குத் தனியாகவும் பாதுகாப்புக்குத் தனியாகவும் மதிப்பெண் வைத்திருக்கின்றன. தடத்தை விட்டு வெளியேறினால் 1, கட்டுப்பாட்டை இழந்தால் 2, பலமான மோதலுக்கு 4 எனக் குற்றப்புள்ளிகள் சேரும். யார்மேல் தவறு என்று கணினி பார்ப்பதில்லை. எனவே நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் மோதலைத் தவிர்ப்பதே உங்களுக்கு நல்லது.

முதல் வளைவில் டயரும் குளிர்ந்திருக்கும், பிரேக்கும் குளிர்ந்திருக்கும், எல்லோரும் நெருக்கமாக இருப்பார்கள். வழக்கத்தைவிட நன்றாக முன்பே பிரேக் பிடியுங்கள். முன்னால் போகும் காரின் நிழலில் ஒட்டிப் போகும்போது காற்றழுத்தம் குறைவதால் உங்கள் கார் தாமதமாகவே நிற்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். இணையத் தாமதம் காரணமாக, திரையில் இடைவெளி இருப்பதாகத் தெரிந்தாலும் சேவையகத்தில் மோதல் பதிவாகிவிடலாம். பக்கவாட்டில் ஓடும்போது ஒரு கை அகலம் கூடுதலாக விடுங்கள்.

உள்பக்கமாக முந்துவதாக இருந்தால், முன்னால் இருப்பவர் திருப்பத் தொடங்கும் முன்பே அவர் அருகில் வந்துவிட்டிருக்க வேண்டும். திருப்பத் தொடங்கிய பிறகு மூக்கை நுழைத்தால் மோதலுக்குப் பொறுப்பு உங்களுடையது. நீலக் கொடி காட்டினால், ஒரு சுற்று முன்னால் இருப்பவர் வருகிறார் என்று பொருள். பதறி ஒதுங்காதீர்கள், உங்கள் பாதையிலேயே போங்கள், நேர்ப்பாதையில் சற்றே காலை எடுத்து வழிவிடுங்கள்.

சுழன்றுவிட்டால் உடனே பிரேக்கை முழுதாக அழுத்திப் பிடியுங்கள். நகராத காரை மற்றவர்கள் சுற்றிப் போய்விடுவார்கள்; உருண்டுகொண்டிருக்கும் கார் எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. தடத்துக்குத் திரும்பும் முன் அருகில் வரும் கார்களைக் காட்டும் சிறு வரைபடத்தைப் பாருங்கள். கூட்டம் முழுக்கக் கடந்து போகட்டும். பிறகு தடத்தின் ஓரமாகவே வேகமெடுத்து, ரேஸிங் லைனுக்கு மெதுவாக வந்து சேருங்கள்.